அழகர் எத்தனை நாள் தாமதம்?

மதுரையில் யாரைக் கேட்டாலும் கதை ஒன்றுதான். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு அழகர்மலையிலிருந்து கிளம்பிய அண்ணன், வழியெல்லாம் மண்டகப்படிகளில் நின்று நின்று வந்ததில் முகூர்த்தத்தைத் தவறவிடுகிறார். ஆற்றங்கரைக்கு வரும்போது தாலி கட்டி முடிந்துவிட்டது என்று சேதி கிடைக்கிறது. வந்ததே கோபம்! ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்று வைகைக்குள் குதிரையை இறக்கியவர், அப்படியே கிழக்கே திரும்பி வண்டியூருக்குப் போய்விடுகிறார்.

கதையாகக் கேட்கும்போது ஒரு குறையும் இல்லை. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்தால்தான் இடிக்கிறது. 2023இல் திருக்கல்யாணம் மே 2, அழகர் ஆற்றில் இறங்கியது மே 5. 2024இல் கல்யாணம் ஏப்ரல் 21, அழகர் 23. 2025இல் கல்யாணம் மே 8, அழகர் 12. ஒரு வருடம் இரண்டு நாள், ஒரு வருடம் மூன்று, இன்னொரு வருடம் நான்கு. அண்ணன் ஆண்டுதோறும் பிந்தி வருகிறார், சரி. பிந்துவதிலும் ஏன் ஒரு கணக்கு இல்லை?

கணக்கு உண்டு. ஆனால் ஒன்றல்ல, இரண்டு. மீனாட்சி கோயிலின் பன்னிரண்டு நாள் திருவிழா சித்திரை நட்சத்திரத்தன்று தீர்த்தத்தோடு முடிகிறது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் பதினொன்றாம் நாள் தேர், பத்தாம் நாள் திருக்கல்யாணம். அழகருக்கு நட்சத்திரம் பொருட்டில்லை. அவர் பௌர்ணமிக்குக் கட்டுப்பட்டவர். நட்சத்திரமும் பௌர்ணமியும் ஒட்டி வரும் ஆண்டில் இடைவெளி குறையும், தள்ளிப்போகும் ஆண்டில் கூடும். உலகமே ஒரே திருவிழா என்று நினைக்கும் சித்திரைத் திருவிழா, பஞ்சாங்கத்தில் இரண்டு விழாவாக இருக்கிறது.

காகிதத்திலும் அப்படித்தான். மீனாட்சி கோயில் அச்சடிக்கும் பத்திரிகை வேறு, அழகர்கோயில் அச்சடிக்கும் பத்திரிகை வேறு. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படிப்பது நல்ல பயிற்சி. ஒன்றில் கொடியேற்றம், பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேர் என்று அரசியின் காரியங்கள் ஓடுகின்றன. மற்றதில் புறப்பாடு, எதிர்சேவை, தல்லாகுளத்தில் தங்கல், ஆற்றில் எழுந்தருளல், வண்டியூர், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், இரவில் தசாவதாரம், பூப்பல்லக்கு, மலைக்குத் திரும்புதல். அழகர் எதற்காக ஆற்றுக்கு வருகிறார் என்பதற்குக் கோயில் சொல்லும் காரணம் ஒரு தவளை. துர்வாசர் வந்ததைக் கவனிக்காமல் நூபுர கங்கையில் நீராடிக்கொண்டிருந்த சுதபஸ் முனிவர் மண்டூகமாகச் சபிக்கப்பட்டு வைகைக் கரையில் கிடக்கிறார். அவருக்கு முக்தி கொடுக்கத்தான் பெருமாள் மலையிறங்குகிறார். தங்கையும் இல்லை, சீரும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு நான் கேட்க விரும்பிய கேள்வி பெரியது. ஒரு வட்டாரமே வேலையைப் போட்டுவிட்டு ஓரிடத்தில் ஏன் கூடுகிறது? கேள்வி பெரியதாக இருந்தால் பிடி சிறியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டு விழாக்களையும் ஒன்றாக்கியது யார் என்று தேடத் தொடங்கினேன்.

கதைப்படி அழகர் வராததால் கன்னிகாதானம் தடைப்பட்டிருக்க வேண்டுமே? தடைப்படவில்லை. மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பதற்கென்று திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள், முருகனோடு, நேரத்துக்கு மதுரைக்கு வந்துவிடுகிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும் திருமால்தான் தாரை வார்க்கிறார். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக்குப் போனால் அதே காட்சி கல்லில் நிற்கிறது: நடுவில் மணப்பெண், ஒரு பக்கம் சொக்கர், மறு பக்கம் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கும் திருமால். அந்த மண்டபத்தைக் கட்டியவர் திருமலை நாயக்கர். இரு விழாக்களையும் இணைத்தவர் என்று ஊர் சொல்லும் அதே ஆள். அவர் செதுக்கவைத்த கல்லில் பெருமாள் தாமதிக்கவே இல்லை.

திருமலை நாயக்கர் (1623–1659) சைவ வைணவ ஒற்றுமைக்காக விழாக்களை இணைத்தார் என்பது பள்ளிக் கட்டுரையிலிருந்து தொலைக்காட்சி வர்ணனை வரை எல்லா இடத்திலும் வருகிறது. இந்த வாசகத்தில் எனக்குச் சந்தேகம் தட்டியது ‘ஒற்றுமை’ என்ற இடத்தில். பதினேழாம் நூற்றாண்டு அரசர்கள் கோயில்களுக்குச் செய்ததற்குக் காரணங்கள் பலவாக இருக்கும். மேடைப் பேச்சுத் தொனியில் ஒற்றுமை அவற்றில் அபூர்வம். அவர் செய்ததாகச் சொல்லப்படும் காரியம் நடந்ததா என்பது ஒரு கேள்வி, அதற்கு இந்தக் காரணம்தானா என்பது வேறு கேள்வி.

முதல் கேள்விக்கு மதுரையின் தெருக்களே சாட்சி சொல்லும். கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. அதற்கு அப்பால் உள்ள வெளி வீதிகள் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபின் வந்தவை, அவற்றை விட்டுவிடலாம். மாதத்தின் பெயரில் வீதி என்றால் அந்த மாதத்து விழாவில் சுவாமி வலம் வந்த வீதி என்று பொருள். இன்று சித்திரைத் தேர் எந்த வீதியில் ஓடுகிறது? மாசி வீதிகளில். சித்திரை மாதத்துத் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுவதற்குச் சுலபமான விளக்கம், அந்தத் தேரோட்டம் ஒரு காலத்தில் மாசியில் நடந்தது என்பதே. மாசி மண்டல உற்சவம் என்று 48 நாள் விழா ஒன்று இன்றும் கோயில் நாட்குறிப்பில் இருக்கிறது. பெரிய விழா குடிபெயர்ந்துபோன வீட்டில் மிச்சமிருக்கும் சாமான் போல.

ஏன் மாற்றினார்கள்? தொ. பரமசிவன் பதிவுசெய்த வழக்கைத்தான் நான் நம்பத் தகுந்ததாகக் கருதுகிறேன். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1989இல் ‘அழகர் கோயில்’ என்ற பெயரில் அந்தப் பல்கலைக்கழக வெளியீடாகவே வந்தது. கோயிலை நான்கு சுவருக்குள் பார்க்காமல், அந்தக் கோயிலுக்கு வருகிற சாதிகள் ஒவ்வொன்றிடமும் போய் ‘உனக்கும் அழகருக்கும் என்ன உறவு’ என்று கேட்ட புத்தகம் அது. கல்வெட்டில் கிடைக்காததைக் களத்தில் கேட்டுப் பெற்றார். அவர் பதிந்த வழக்கு இது: மாசி அறுவடைக் காலம். நாயக்கர் செய்வித்த பெருந்தேர்களை இழுக்க ஆள் போதவில்லை. வேலை ஓய்ந்த சித்திரைக்கு விழாவைத் தள்ளினார். அதே மாதத்தில் அழகருக்கு இருந்த விழாவையும் மதுரைப் பக்கம் திருப்பினார் என்பது வழக்கு. ஒற்றுமையை விட இது எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தவர் அவர். அரண்மனை கட்டினார், புதுமண்டபம் கட்டினார், மாரியம்மன் தெப்பக்குளம் வெட்டித் தைப்பூசத்துக்குத் தெப்பம் விட்டார். கட்டியதெல்லாம் கூட்டம் இல்லாவிட்டால் வெறும் கல். தேர்வடத்துக்குக் கை வேண்டும், புதுத் தலைநகரின் கடைக்கு வாங்க ஆள் வேண்டும், சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தைக்கு மாடும் மாட்டுக்காரனும் வேண்டும். நிர்வாகம் தெரிந்த எவரும் யோசிப்பதைத்தான் அவரும் யோசித்திருக்கிறார்.

அழகரைத் திருப்பினார் என்றால் எங்கிருந்து? தேனூரிலிருந்து. மதுரைக்கு மேற்கே, சமயநல்லூரை ஒட்டி, வைகைக் கரையில் இருக்கிறது ஊர். அழகர் முன்பு அலங்காநல்லூர் வழியாகத் தேனூருக்குப் போய் அங்கேதான் ஆற்றில் இறங்கினார் என்பார்கள். இதற்கு எழுத்து ஆதாரம் தேடுவதைக் காட்டிலும் வண்டியூருக்குப் போவது மேல். தேனூர் மேற்கே இருக்கிறது. வண்டியூர் நகரத்தின் கிழக்கே. மண்டூகருக்கு முக்தி கொடுக்கும் மண்டபம் வண்டியூர் ஆற்றில் நிற்கிறது. அதன் பெயர் தேனூர் மண்டபம்! அங்கே மரியாதை பெறும் உரிமையும் தேனூர்க்காரர்களுக்குத்தான். அன்றைக்குச் சேஷ வாகனத்தில் வந்து, மண்டபத்தில் கருட வாகனத்துக்கு மாறி, அழகர் சாபம் தீர்க்கிறார்; முக்திக்கு அடையாளமாக ஒரு நாரையைப் பறக்கவிடுகிறார்கள். சம்பந்தமில்லாத இடத்தில் இன்னொரு ஊரின் பெயரும் உரிமையும் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? விழா இடம் பெயர்ந்தபோது உரிமையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இப்படி ஏற்பாடு செய்துகொள்ளாமல் தேனூர்க்காரர்களிடமிருந்து சாமியை வாங்கியிருக்க முடியாது. நாயக்கரானாலும் பேரம் பேசித்தான் ஆக வேண்டும்.

இந்த மண்டபத்தைப் பார்த்தபின் என் தேடல் திசைமாறியது. அதுவரை ஆணை பிறப்பித்தவனைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது ஒப்புக்கொண்டவர்களைத் தேட வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் விட்டுப்போன காகிதங்களில் ஒப்புக்கொண்டவர்களின் குரல் நேரடியாகக் கிடைக்காது. வில்லியம் டெய்லர் 1835இல் பதிப்பித்த கீழ்த்திசை வரலாற்றுச் சுவடிகள் நாயக்கர் காலத்துக்கு முக்கியமானவை. நெல்சன் 1868இல் எழுதிய மதுரை மானுவல் திருமலை நாயக்கரை விரிவாகப் பேசுகிறது. பிரான்சிஸின் கெசட்டியர் 1906இல் வந்தது. மூன்றிலும் அரசன் இருக்கிறான், போர் இருக்கிறது, வருவாய் இருக்கிறது. கூட்டம் என்றதும் காலரா, கலகம், காவல் என்ற வரிசையில் நினைக்கப் பழகிய ஒரு நிர்வாகம், மக்கள் எதற்கு வருகிறார்கள் என்று கேட்டு எழுதி வைக்கும் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து, கட்டு அவிழ்த்து, பழுப்பேறிய தாளைப் புரட்டும் ஒவ்வொருவருக்கும் இது தெரியும்: அரசாங்கம் எதற்குப் பயந்ததோ அதுதான் கோப்பாகியிருக்கும்.

ஆனால் தகராறு கோப்பாகும். மீனாட்சி கோயிலின் வழிபாடும் அறக்கட்டளைகளும் 1833 முதல் 1925 வரை எப்படி மாறின என்று கேரல் பிரெக்கன்ரிட்ஜ் செய்த ஆய்வைப் படிக்கும்போது, கோயிலில் மரியாதை என்பது எவ்வளவு கடினமான நாணயம் என்பது புரிகிறது. இராமநாதபுரம் ராஜா காவலராக இருந்து வழக்காடியாக மாறிய கதையையும் அவர் தனிக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். யாருக்கு முதல் பரிவட்டம், யார் மண்டகப்படியில் சாமி எவ்வளவு நேரம் நிற்பார், எந்தத் தெருவுக்கு வருவார். இவற்றுக்காகக் கலெக்டரிடம் மனு, அங்கிருந்து கோர்ட், அங்கிருந்து மேல்கோர்ட். வெளியிலிருந்து பார்த்தால் அற்பச் சண்டை. ஆனால் எதற்காக மனிதர்கள் கோர்ட் வரை போகிறார்களோ அதற்காகத்தான் விழாவுக்கும் வருகிறார்கள். சுவாமி என் வாசலில் நின்றார் என்பது ஊரறிய ஒப்பமிட்ட பத்திரம். இன்று அழகர் மலையிலிருந்து வண்டியூர் போய்த் திரும்புவதற்குள் நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நிற்கிறார். கதையில் அவர் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவதும் இந்த மண்டகப்படிகள்தான்! கதைகட்டியவர்களுக்குத் தாங்கள் செய்வது தெரிந்தே இருக்கிறது.

கள்ளர்கள் பற்றி ஒரு பழைய தாள் தனியாகவே பேசும். 1755இல் கர்னல் ஹீரோனின் படை திருமோகூர்க் கோயில் சிலைகளைக் கொள்ளையிட்டுக்கொண்டு திரும்பியது. நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து, அடித்து, சிலைகளை மீட்டார்கள். கம்பெனிப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இதை ஒரு தோல்வியாகப் பதிந்து வைத்தார். தோல்வி என்பதால் பதிவு கிடைத்தது. பெருமாள் சிலைக்காகக் கணவாயில் உயிரைப் பணயம் வைத்த இந்த ஆட்களின் நாடு வழியாகத்தான் அழகர் மதுரைக்கு வர வேண்டும். எனவே அவர்களைப் போல வேடம் போட்டுக்கொண்டு வருகிறார். கண்டாங்கிச் சேலை, தலையில் கொண்டை, காதில் கடுக்கன், கையில் நேரிக்கம்பும் வளைதடியும். கள்ளர் மறித்தார்கள் என்றும், மறிக்காதிருக்கச் சாமியே கள்ளரானார் என்றும் கதைகள் இரண்டுவிதமாக ஓடுகின்றன. எப்படியிருந்தாலும் அது ஓர் உடன்படிக்கை. தேனூர் மண்டபத்தின் பெயரைப் போல, இதை உடையாக உடுத்தியிருக்கிறார்கள்.

புறப்படும் முன் நடக்கும் ஒன்றைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அழகர்கோயிலின் ராஜகோபுரக் கதவு சாத்தியே இருக்கும். சாத்திய அந்தக் கதவுதான் பதினெட்டாம்படிக் கருப்பு; சந்தனம் பூசி அதற்குத்தான் பூசை. பெருமாள் கருப்பனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். அணிந்துசெல்லும் நகைகளின் பட்டியல் கருப்பன் முன் வாசிக்கப்படும். திரும்பி வந்ததும் மறுபடி கணக்குக் காட்ட வேண்டும். கோயில் கணக்கு எத்தனையோ இடத்தில் தணிக்கையாகிறது. உள்ளே வீற்றிருக்கும் பெரிய தெய்வம் வாசலில் நிற்கும் காவல் தெய்வத்திடம் கணக்கு ஒப்பிப்பதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. கருப்பனைக் கும்பிடுகிறவர்களுக்கு அந்த வாசிப்பில் ஒரு செய்தி இருக்கிறது: சாமி நம்மூர் ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

பிறகு ஆட்டம். திரி எடுத்து ஆடுகிறவர்கள், சாட்டை அடிக்கிறவர்கள், துருத்தி நீர் தெளிக்கிறவர்கள். துருத்தி என்பது ஆட்டுத்தோலைப் பதமாக்கித் தைத்த பை. தோளில் தொங்கும், வாயில் மெல்லிய குழல், அமுக்கினால் நூல் போலத் தண்ணீர் பாயும். வெயில் வழியில் வருகிற சாமியின் உடம்பு குளிரட்டும் என்று பீய்ச்சுகிறார்கள். நடப்புக் காலத்தில் விசைப் பம்பை வைத்துப் பீய்ச்சத் தொடங்கியதும் தோல்பையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிர்வாகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. கோயில் ஊதியப் பட்டியலில் இவர்கள் யாரும் இல்லை. நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, சொந்தக் காசில் உடை தைத்துக்கொண்டு வருகிறார்கள். இது புது வழக்கமும் இல்லை. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பாடி, உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த அழகர் கிள்ளைவிடு தூது இந்த விழாப் பயணத்தைப் பாடுகிறது. பயணத்தின் பழமைக்குத் தொ.ப. அதையும் சான்றாக எடுத்தாண்டார்.

இவ்வளவு பேர் எதற்காக அழகரிடம் போனார்கள், மீனாட்சியிடம் ஏன் போகவில்லை? விடை ஒரு தேதியில் இருக்கிறது: 1939 ஜூலை 8. அன்றுதான் வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டுகள் முழுக்க, விழாவுக்கு வந்த கூட்டத்தில் ஒரு பகுதிக்குத் திருக்கல்யாணம் என்பது மதிலுக்குள் கேட்ட மேளச்சத்தம். அவர்கள் கண்ணாரக் காணக்கூடிய தெய்வம், வாசல் இல்லாத இடத்துக்கு வந்த தெய்வம். ஆற்றுக்குக் கதவு கிடையாது. பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த ஆண்டு விளைச்சல் என்று பேசிக்கொண்டு விவசாயி நிற்கலாம்; மணலில் உட்கார்ந்து பிள்ளைக்கு முடி இறக்கலாம்; சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிச் சாமிக்கு நேராக நீட்டலாம். கூட்டத்தை ஒற்றுமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வெளியே கூடினார்கள். வெளியேயே பெரிய விழா ஆகிவிட்டது.

இங்கிருந்து பார்த்தால் தாமதக் கதை ஏன் பிறந்தது என்பது தெளிவாகிறது. கிராமத்துச் சனம் கண்ணால் கண்டது இது: நகரத்தில் கல்யாணம் நடக்கிறது, நம் சாமி நகரத்தின் விளிம்பு வரை வருகிறார், உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறார். மண்டூகர் கதை வந்ததற்கு விளக்கம் சொல்லும், திரும்பியதற்குச் சொல்லாது. திரும்பியதற்கு விளக்கம் ஒவ்வொரு வீட்டிலும் கையிருப்பில் இருந்தது. தங்கை கல்யாணத்துக்கு மரியாதையாகக் கூப்பிடவில்லை, காத்திருக்கவில்லை என்று பந்தல் வரை வந்து முறைத்துக்கொண்டு போன அண்ணன் இல்லாத குடும்பம் எது? அழகரின் கோபத்தில் மதிலுக்கு வெளியே நின்றவர்களின் கோபமும் கலந்திருக்கிறது என்பது என் அனுமானம். வண்டியூரில் அவர் இரவு தங்கும் இடத்தைக் கோயில் வீரராகவப் பெருமாள் சன்னிதி என்கிறது. சனம் துலுக்க நாச்சியார் வீடு என்கிறது. சொந்தக்காரர் பட்டியலை நீட்டுவது என்று முடிவுசெய்தபின் ஏன் சுருக்க வேண்டும்?

டென்னிஸ் ஹட்சன் 1982இல் வெளியான ஒரு தொகுப்பில் எழுதிய கட்டுரைக்கு ‘மதுரையின் இரண்டு சித்திரை விழாக்கள்’ என்ற பொருளில் தலைப்பிட்டார். சாத்திரப்படி இரண்டு, சனத்தின் மனத்தில் ஒன்று என்ற முரணை அவர் நன்றாகவே பிடித்தார். நான் அதோடு சேர்க்க விரும்புவது ஒன்றுதான். நாயக்கர் நகர்த்தியது தேதியையும் தடத்தையும். இணைத்தது அவர் இல்லை. அவருடைய புதுமண்டபத்தில் திருமால் நேரத்துக்கு வந்து நிற்கிறார். தாமதமாக வருகிற அண்ணனை உண்டாக்கியவர்கள் வேறு ஆட்கள், வேறு காரணம். தேர் இழுக்க வரவழைக்கப்பட்டவர்கள் வந்த இடத்தில் தங்களுக்கென்று ஒரு காரியத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள்.

ஆற்றையும் விட்டுவிடக் கூடாது. பரிபாடலில் திருமாலிருஞ்சோலைக்குப் பாட்டு இருக்கிறது. வையையின் புதுப்புனலுக்கு ஊரே திரண்டோடும் பாட்டுகள் பல இருக்கின்றன. மானாமதுரையில் வீர அழகர், பரமக்குடியில் சுந்தரராசப் பெருமாள் என்று அதே நாளில் வைகை நெடுகப் பெருமாள்கள் ஆற்றில் இறங்குகிறார்கள். அந்த ஊர்களில் மீனாட்சி கல்யாணத்துக்குப் பிந்திய கோபம் எங்கே வந்தது? ஆற்றங்கரைக்காரர்கள் சித்திரை நிலவில் ஆற்றில் கூடுவது, எந்தக் கோயில் கணக்குக்கும் முந்திய பழக்கமாக இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இப்போது அந்த ஆற்றுக்குத் தண்ணீர் தானாக வருவதில்லை. அழகர் இறங்குவதற்கென்று வைகை அணையிலிருந்து திறந்துவிடுகிறார்கள்.

கூட்டம் இல்லாவிட்டால் இந்த விழா என்னவாகும் என்று ஆய்வாளன் சோதனை செய்து பார்க்க முடியாது. கொரோனா செய்து காட்டியது. 2020இல் திருக்கல்யாணம் கோயிலுக்குள் சில பட்டர்களோடு நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது. பெண்கள் திரையைப் பார்த்துக்கொண்டே வீட்டில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. மண்டூகருக்குச் சாப விமோசனம் கோயில் வளாகத்திலேயே முடிந்தது. 2021இல் வளாகத்துக்குள் செயற்கையாக ஒரு வைகையையே அமைத்து அழகரை இறக்கினார்கள். சாத்திரப்படி குறை வைக்கவில்லை. முனிவருக்கு முக்தி இரண்டு ஆண்டும் தவறாமல் கிடைத்தது. கிடைக்காமல் போனது மற்றவர்களுக்கு. மண்டகப்படிக்காரர் வாசலில் சாமி நிற்கவில்லை. திரி எடுக்க நேர்ந்தவர் கடன் தீரவில்லை. கருப்பனிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டிய பயணமே இல்லை. இவற்றில் எதையும் வளாகத்துக்குள் செய்து முடிக்க வழி கிடையாது.

2022 ஏப்ரல் 16 அன்று அழகர் மறுபடி வைகைக்கு வந்தார். இரண்டு ஆண்டு பாக்கியோடு சனம் ஆற்றுக்குள் இறங்கியது. அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். மறு ஆண்டு மே 5ஆம் தேதி விடியலில் ஆற்றில் மீண்டும் கால் வைக்க இடமில்லை.